அத்தியாயம் 3: எது அருமை, எது மலிவு?

கற்பனை உலகம் ஒன்றைப் படைக்கக் கிளம்புகிறவர் முதல் வேலையாக ஒரு தடித்த நோட்டு வாங்குவார். முதல் பக்கத்தில் வரைபடம் வந்துவிடும். பிறகு அரச வம்சங்கள், போர்கள் நடந்த ஆண்டுகள், தெய்வங்களின் பெயர்கள், வானத்தில் இரண்டு மூன்று நிலவுகள். நோட்டில் பாதி நிரம்பிய பிறகும், அந்த உலகத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்ன விலை, அதைச் சம்பாதிக்க ஒரு கூலியாள் எத்தனை நாழிகை உழைக்க வேண்டும் என்பது எங்கும் இருக்காது. புதியவர்களின் கையெழுத்துப் பிரதியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்ற குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஓர் ஊரில் எது அருமை, எது மலிவு என்று தெரிந்தால் அந்த ஊரில் பாதி தெரிந்தமாதிரி. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், திருடன் எதைக் குறிவைப்பான், பெண்ணுக்குச் சீராக எது போகும், எதைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள், எதைச் சிந்தினால் பாட்டி கத்துவாள் என்பதெல்லாம் அங்கிருந்தே கிளைவிடும். மூன்று நிலவுகளிலிருந்து இவ்வளவு கிளைக்காது. அவற்றால் கடலில் அலை ஏறியிறங்குவது தாறுமாறாகி, மீனவர்கள் கரையேறும் நேரம் தவறி, மீன் விலை மாறினால்தான் நிலவுகளுக்குக் கதையில் வேலை.

எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2016இல் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில் கணிப்பொறியே சூத்திரத்தின்படி உருவாக்கித் தரும் கிரகங்கள் ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி கோடி. ஒவ்வொன்றையும் ஒரு நொடி பார்த்தாலும் ஓர் ஆயுளில் முடியாது. வெளியான புதிதில் ஆடியவர்கள் பலர் சொன்ன குறை, எங்கே போனாலும் ஒரேமாதிரி இருக்கிறது என்பதுதான். பின்னால் வந்த திருத்தங்களில் விளையாட்டு வெகுவாகத் தேறியது. அது வேறு கதை. இதற்கு நேர் எதிராக, ஒரே ஒரு மேசையை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே நம்பவைத்த விளையாட்டும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1957இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் உள்ள ஃபுளோரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே மணல்மேடுகள் நகர்ந்து வந்து சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. புல் நட்டு மணலை நிறுத்த அரசு வேளாண் துறை முயன்றது. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதுதான் அவருடைய திட்டம். கட்டுரை வெளிவரவேயில்லை. மணல் மட்டும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. 1965இல் அது ‘டூன்’ நாவலாக வந்தது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்தப் பிரதியைக் கடைசியில் ஏற்றுக்கொண்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போன சில்ட்டன் நிறுவனம். உங்கள் பிரதி திரும்பி வரும் நாளில் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த நாவலில் விண்கலம், பேரரசு, ராட்சதப் புழு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அராக்கிஸ் கிரகம் நம் மனத்தில் நிற்பது தண்ணீரால். அங்கே மழை கிடையாது. அந்த ஒரு மாற்றத்தை ஹெர்பர்ட் எவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போகிறார் என்று கவனியுங்கள். பாலைவன மக்கள் உடுத்தும் உடை வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்துச் சுத்தம்செய்து குடிநீராக்குகிறது. செத்தவர் உடலின் நீர் குலத்துக்குச் சொந்தம். நீரின் அளவைக் குறிக்கும் உலோக வளையங்கள் கைமாறுகின்றன. அரண்மனை முன்னால் இருபது பேரீச்சை மரங்கள்; ஒரு மரம் குடிப்பது ஐந்து ஆள் குடிக்கும் நீர். எனவே தெருவில் போகிறவன் அந்த மரங்களைப் பார்க்கும்போது நூறு மனிதர்களைப் பார்க்கிறான். அந்த அரண்மனையின் பழைய வழக்கம் ஒன்று: விருந்தாளிகள் கிண்ணத்தில் கைநனைத்து, தரையில் நீரைச் சிந்தி, துண்டில் துடைத்து எறிவார்கள். அந்தத் துண்டைப் பிழிந்தால் வரும் நீருக்காக வாசலில் பிச்சைக்காரர்கள் காத்துக் கிடப்பார்கள்.

இதன் உச்சம் இரண்டு சின்னக் காட்சிகள். பாலைவனத் தலைவன் ஒருவன் பிரபுவின் சபைக்கு வந்து மேசைமேல் துப்புகிறான். பிரபுவின் ஆட்கள் கொதித்தெழுகிறார்கள். அவர்களில் பாலைவனத்தை அறிந்தவன் ஒருவன் குறுக்கிட்டு, உடலின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி சொல்கிறான். இன்னொரு இடத்தில், தன்னோடு சண்டையிட்டு மாண்டவனுக்காகப் பையன் ஒருவன் கண்ணீர் விடுகிறான். சுற்றி நிற்பவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். செத்தவனுக்கு ஒருவன் நீர் கொடுத்து அவர்கள் பார்த்ததில்லை. மழையில்லை என்ற ஒரே தகவல் எச்சிலுக்கும் கண்ணீருக்கும் வேறு மதிப்பைக் கொடுத்துவிட்டது. அந்த உலகத்து மனிதர்கள் அந்த மதிப்பைக் கண்டு வியப்பதில்லை என்பதையும் பாருங்கள். வியப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்.

எனவே முதல் பயிற்சி: நம் உலகத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். அந்த மாற்றத்தை அடுப்படிவரை, கல்யாணம்வரை, சாவுவரை இழுத்துக்கொண்டு போங்கள். பத்து மாற்றங்களை மேலோட்டமாகத் தூவுவது சுலபம், பயனும் குறைவு.

ஆற்றைத் திருப்பிப் பார்ப்போம்

மாற்றத்தை எங்கே தேடுவது? பூமியிலேயே தேடுங்கள். நாம் கற்பனை செய்யத் தயங்கும் விஷயங்கள் இங்கே சர்வசாதாரணமாக நடக்கின்றன.

கம்போடியாவில் தொன்லே சாப் என்று ஓர் ஏரியும் அதே பெயரில் ஓர் ஆறும் உண்டு. வறண்ட காலத்தில் ஏரி நீர் அந்த ஆறு வழியாக ஓடி, நோம்பென் நகருக்கருகே மேகாங் நதியில் கலக்கும். மழைக்காலத்தில் மேகாங் பெருக்கெடுத்து உயரும்போது நீர் எதிர்த்துக்கொண்டு ஆற்றுக்குள் நுழைகிறது. ஆறு திசை திரும்பி ஏரியை நோக்கி ஓடத் தொடங்குகிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி 15,000 சதுர கிலோமீட்டர்வரை விரிகிறது. காடுகள் நீரில் மூழ்க, அவற்றின் கிளைகளுக்கிடையில் மீன்கள் மேய்கின்றன. உயரமான கால்கள்மேல் நிற்கும் வீடுகளில் சிலர் வாழ்கிறார்கள். மிதக்கும் வீடுகளில் இருப்பவர்கள் ஏரியோடு சேர்ந்து இடம் மாறுகிறார்கள். நவம்பர் வாக்கில் ஆறு மறுபடி திரும்பும்போது தலைநகரில் படகுப் போட்டியோடு பெரிய திருவிழா. அங்கோர் நாகரிகத்துக்குச் சோறுபோட்டதில் இந்த ஏரி மீனுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் அது கம்போடியா. கொஞ்சம் முறுக்குவோம். நம் கற்பனை நாட்டில் ஓர் ஆறு. ஒரு முனையில் ஏரி, மறுமுனையில் கடல். ஆறு மாதம் நீர் ஏரியை நோக்கி ஓடும், ஆறு மாதம் கடலை நோக்கி. சாலை கிடையாது, இருபுறமும் சதுப்பு. இனி விலையைக் கேட்போம்.

நீரோட்டத்தோடு போகும் படகுக்குக் கூலி கொஞ்சம். எதிர்த்துப் போக நினைத்தால் ஆள்பலம் வேண்டும், பத்து மடங்கு செலவு. ஆகவே உப்பு ஏரியூருக்கு ஆறு மாதம் மலிவாக வரும். மற்ற ஆறு மாதம் அது பொன். கருவாடு கடலோரப் பட்டணத்துக்கு இதற்கு நேர்மாறான கணக்கில் வரும். பதுக்குகிறவன் பணக்காரன் ஆவான். சரக்கோடு போன வியாபாரி திரும்பிவர ஆறு மாதம் ஆகும். அவனுக்கு இரண்டு முனையிலும் வீடு இருக்கும். வீடு இருந்தால் குடும்பமும் இருக்கும். அவன் செத்தால் சொத்து எந்த முனைக்கு? இங்கே ஒரு சட்டம் பிறக்கிறது, சட்டத்தோடு வக்கீல்களும்.

கடன்? நாடு முழுக்க ஒரே தவணை: ஆறு திரும்பும் நாள். அந்த நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும், தவறினால் வட்டி இரட்டிப்பு. சரி, ஆறு எந்த நாளில் திரும்பியது என்று யார் சொல்வது? நீர் ஒரேயடியாகத் திரும்பாது. சில நாள் தயங்கி நிற்கும். கரையோரம் ஒரு பக்கமும் நடு ஆறு இன்னொரு பக்கமும் ஓடும். யாரோ ஒருவர் பார்த்து முரசறைந்து அறிவிக்க வேண்டும். அந்தப் பதவியில் இருப்பவர் ஒரு நாள் முன்னே பின்னே அறிவித்தால் ஆயிரம் பேர் மூழ்குவார்கள், பத்துப் பேர் கொழுப்பார்கள். அரசனைவிட அதிகாரமுள்ள ஒரு குமாஸ்தா கிடைத்துவிட்டார். நமக்குக் கதை கிடைத்துவிட்டது. வரைபடமோ வம்சாவளியோ இன்னும் தேவைப்படவில்லை.

துரத்தலை நிறுத்த வேண்டாம். வயல்கள் ஆறு மாதம் நீருக்கடியில் இருப்பதால் வரப்பு நிற்காது. ஒவ்வொரு வருடமும் நிலத்தை மறுபடி அளக்க வேண்டும். அளக்கும் கயிறு வைத்திருப்பவர்கள் தனிக் குலம் ஆகியிருப்பார்கள். நீர் உள்ளே ஓடும் மாதங்களில் செத்தவரின் சாம்பலைக் கரைக்க முடியாது, கரைத்தால் ஊருக்குள்ளேயே திரும்பி வரும். எனவே பானைகளில் வைத்துக் காத்திருப்பார்கள். கொலைகாரன் பிணத்தை ஆற்றில் விட மாட்டான். மேலூர், கீழூர் என்று ஊர்களுக்குப் பெயர் வைக்க முடியாது. இந்த விவரங்களில் ஐந்தில் ஒன்றுதான் பக்கத்தில் வரப்போகிறது. மீதி நான்கும் உங்கள் தலையில் இருந்தால், வரும் ஒன்று அழுத்தமாக வரும்.

இப்போது ஒரு துண்டு எழுதிப் பார்க்கலாம்:

வெனரி கையிலிருந்த துரும்பை நீரில் போட்டாள். அது அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது.

“நின்னுபோச்சு,” என்றாள்.

“முரசு அடிக்கலையே.” மாலுவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். “அடிச்சாத்தான் நின்னதுன்னு கணக்கு.”

“துரும்புக்கு அது தெரியாது மாலுவா.”

கரையில் வட்டிக்காரன் கொட்டப்பு ஓலைக்குடையோடு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஒருமுறைகூட அவன் ஆற்றைப் பார்க்கவில்லை. கச்சேரி வாசலில், உறை போட்டு மூடியிருந்த முரசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு திசை மாறும் என்ற தகவல் இந்தத் துண்டில் எங்குமே இல்லை. “நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நதி திரும்பும் என்பது உனக்குத் தெரியுமல்லவா” என்று மாலுவன் வெனரியிடம் சொல்லியிருந்தால் அந்தப் படகு அங்கேயே மூழ்கியிருக்கும். இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது கற்பனை உலகக் கதைகளின் தீராத வியாதி. வாசகருக்குப் புரியாதோ என்று பதறாதீர்கள். துரும்பு, முரசு, வட்டிக்காரன் மூன்றும் ஒரே சட்டகத்தில் இருந்தால் அவரே சேர்த்துக்கொள்வார். அப்படிச் சேர்த்துக்கொள்வதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

கருப்பொருள் என்னும் சோதனைத் தாள்

ஒரு நிலத்தை யோசித்தாயிற்று, எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க என்ன வழி? ஆங்கிலத்தில் நூறு, இருநூறு கேள்விகள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கும். அவற்றை நிரப்பி முடிப்பதற்குள் கதை எழுதும் ஆசையே போய்விடும். நம்மிடம் அதைவிடச் சுருக்கமான ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களாக எட்டைப் பெயர்சொல்லித் தருகிறார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அவர் இதைக் கற்பனை நாடுகளுக்காகச் சொல்லவில்லைதான். ஆனாலும் இந்த எட்டுக்கும் பதில் எழுதினால் நிலம் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும்.

பறை என்ற இடத்தில் நின்று யோசியுங்கள். அந்த ஊரில் ஆட்களைக் கூட்ட என்ன சத்தம்? வெள்ளத்துக்கு ஒன்றும் திருட்டுக்கு ஒன்றும் தனியா? இருட்டில் கேட்டால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியுமா? மேலே எழுதிய துண்டில் முரசு வந்தது இந்தக் கேள்வியால்தான். முதற்பொருளும் உரிப்பொருளும்கூட உதவும். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல் என்று பொழுதையும், கூடல், காத்திருத்தல், பிரிவு என்று உணர்வையும் நிலத்தோடு கட்டிவைத்தார்கள் நம்மவர்கள். உங்கள் சதுப்பு நிலத்துக்கு எந்த நேரம் உரியது, அங்கே மனிதர்கள் எதற்காக அழுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: பாலை தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் கோடையில் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். நிலம் மாறும். ஒரு கிரகம் முழுக்கப் பனி, இன்னொரு கிரகம் முழுக்கக் காடு என்று ஒரே வண்ணத்தில் பூசிவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லோடு சேர்ந்து உள்ளே வருபவை

தமிழில் கற்பனை உலகம் எழுதுகிறவருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத சில சங்கடங்கள் உண்டு. இரண்டு பேர் சந்தித்த முதல் வாக்கியத்திலேயே நீ, நீர், நீங்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். உங்கள் நாட்டில் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று முன்னுரையில் எழுதியிருந்தாலும் உரையாடல் காட்டிக்கொடுத்துவிடும். இதைத் தொல்லை என்று பார்க்காமல் கருவியாக்குங்கள். மாலுவனை வெனரி பெயர் சொல்லி அழைக்கிறாள். அவன் அவளைவிட மூத்தவனா, இளையவனா, புருஷனா? அந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தானா, இவள் மட்டும்தானா? பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உறவுச் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. ஒரு பாத்திரம் இன்னொருவரை ‘மாமா’ என்று கூப்பிட்டால், அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டிக்கொள்ளும் முறை அந்த உலகத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. ‘வெள்ளிக்கிழமை’ என்றால் ஏழு நாள் வாரமும் அந்த ஏழு நாள்களுக்குப் பெயர் தந்த கிரகங்களும் வந்துவிட்டன. குழம்பில் மிளகாய் போட்டால், பெருங்கடல் தாண்டிய வணிகம் இருக்கிறது என்று அர்த்தம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துகீசியர் வழியாகத்தான் மிளகாய் நம் சட்டிக்கு வந்தது. கற்பனை உலகத்தில் மிளகாய் இருப்பது குற்றமில்லை. தெரிந்து போடுங்கள். அதுவரை மிளகு காரம் தரட்டும். மிளகு விலையேறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலக வரலாறே சாட்சி.

பெயர்களுக்கு வருவோம். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் க்ளிங்கான் மொழியையும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக டேவிட் பீட்டர்சன் டோத்ராக்கி மொழியையும், 2015இல் வந்த ‘பாகுபலி’யின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியையும் இலக்கணத்தோடு உருவாக்கினார்கள். நாவலுக்கு அவ்வளவு வேண்டாம். ஓசையில் ஒரு ஒழுங்கு இருந்தால் போதும். வெனரி, மாலுவன் என்ற ஏரியூர்ப் பெயர்களில் வல்லின எழுத்தே கிடையாது. கடல் முனையிலிருந்து வந்த கொட்டப்புவின் பெயரில் வல்லினம் இரட்டித்து வருகிறது. இந்த ஒழுங்கை நூறு பக்கம் குலையாமல் காத்தால், ‘தக்கத்தி’ என்று ஒரு புதியவள் வரும்போது அவள் எந்த முனையைச் சேர்ந்தவள் என்று வாசகரின் காது சொல்லிவிடும். ட, ர, ல போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்: ‘டகூரு’ என்று பெயர் வைத்த மாத்திரத்தில் அவர் அந்நியர். ‘ஸ்ல்க்ரோத்’ மாதிரியான பெயர்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயரை வாசகர் கண்ணால் தாண்டிவிடுவார், பிறகு அந்தப் பாத்திரத்தையும் சேர்த்து.

மந்திரத்துக்கும் விலை

மந்திரம் உள்ள உலகத்திலும் கேள்வி அதேதான்: அதற்கு என்ன செலவு, யார் கட்டுகிறார்கள்? உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயக்கூடும். அதனாலேயே அங்கே பெரிய மந்திரவாதிகள் கைகட்டி இருக்கிறார்கள், சின்னவர்கள்தான் ஆடுகிறார்கள். விலை இருப்பதால் குணம் வெளிப்படுகிறது.

நம் விக்கிரமாதித்தன் கதைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கூடுவிட்டுக் கூடு பாயலாம்; அப்படியானால் விட்டுப்போன உடலுக்கு யார் காவல்? அந்தக் கேள்வி ஒன்றிலிருந்தே ஒரு துரோகமும் ஒரு கதையும் கிடைத்துவிடும். சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு வீற்றிருக்க வரம் கிடைத்தால், அமர்ந்திருக்கும் ஆண்டுகள்தானே கணக்கு என்று அமைச்சன் பட்டி ஓட்டை கண்டுபிடிக்கிறான். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று ஆயிரம் இரண்டாயிரம் ஆகிறது. விதி ஒன்றை வைத்தால் அந்த உலகத்தில் வாழும் சாமர்த்தியசாலி அதில் உடனே ஓட்டை தேடுவான். நீங்கள் தேடி வைக்காவிட்டால் வாசகர் தேடுவார். ‘அப்படியானால் இவர்கள் ஏன் இப்படிச் செய்யவில்லை’ என்ற கேள்வியோடு புத்தகத்தை மூடிவிடுவார். விளையாட்டாக இருந்தால் முதல் வாரத்திலேயே ஆடுகிறவர்கள் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். எந்த நோயையும் தீர்க்கும் மருந்துப் புட்டி சந்தையில் ஒருநாள் கூலிக்குக் கிடைக்கிறது என்றால், அந்த நாட்டு இளவரசி காய்ச்சலில் சாக முடியாது.

மேசையிலிருந்து ஒரு நாடு

லூகாஸ் போப் என்ற தனி ஆள் உருவாக்கி 2013இல் வெளியிட்ட விளையாட்டு ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில், 1982ஆம் ஆண்டு, நீங்கள் ஒரு சோதனைச் சாவடி அதிகாரி. நாட்டை நீங்கள் சுற்றிப் பார்க்கப்போவதில்லை. ஒரு சன்னல், ஒரு மேசை, இரண்டு முத்திரைகள். வரிசையில் வருகிறவரின் கடவுச்சீட்டைப் பார்த்து உள்ளே விடலாம், திருப்பி அனுப்பலாம். சரியாக முடித்த ஆளுக்கு ஐந்து ரூபாய் கணக்கில் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு செய்தால் எச்சரிக்கைச் சீட்டு, அதற்குமேல் போனால் அபராதம். நாள் முடிவில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு விறகு என்று கழிக்க வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், சித்தப்பா. பணம் போதாவிட்டால் சாப்பாடா, வெப்பமா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அரசியலைப் பற்றி அந்த விளையாட்டு பாடம் நடத்துவதில்லை. தினமும் காலையில் ஒரு புதிய விதி வருகிறது, அவ்வளவுதான்: இன்றிலிருந்து வெளிநாட்டாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், நாளையிலிருந்து வேலைச் சீட்டும் வேண்டும். ஒருநாள் ஒரு கணவன் எல்லாக் காகிதமும் சரியாக இருக்க உள்ளே போகிறான். பின்னால் என் மனைவி வருகிறாள், கருணை காட்டுங்கள் என்கிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கை. விடாவிட்டால் இரவில் தூக்கமில்லை. இன்னொரு நாள், கையால் கிறுக்கிய சீட்டோடு ஒரு வயதானவர் வருகிறார். அவருடைய நாடு ‘கோப்ராஸ்தான்’. அப்படி ஒரு நாடே கிடையாது! இந்த ஒரு சிரிப்பினால் மற்ற நாடுகளெல்லாம் இருப்பதாகவே தோன்றிவிடுகிறது.

விளையாட்டுக்கு உலகம் அமைக்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆடுகிறவரின் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதன் வழியாகவே நாடு தெரிய வேண்டும். திரையில் ஓடும் நீண்ட முன்கதையை ஒருவரும் படிப்பதில்லை. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகை ஆட்டம் நடத்துகிறவருக்கு இன்னொன்றும் சொல்வேன். ஆடுகிறவர்கள் நீங்கள் தயாரித்த கோட்டைக்குப் போகமாட்டார்கள். எதிரே இருக்கும் டீக்கடையில் வம்பிழுப்பார்கள். ஆகவே கதையைத் தயாரிக்காதீர்கள். யாருக்கு எது வேண்டும், அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மூன்று தரப்புகளை மட்டும் தயாரியுங்கள். டீக்கடைக்காரரையும் அதில் ஒரு தரப்பின் கடனாளி ஆக்கிவிடலாம்.

தப்பாகச் சொல்லப்படும் வரலாறு

பழங்காலம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. கற்பனை நாட்டின் வரலாற்றை எல்லோரும் ஒரேமாதிரி, சரியாகச் சொன்னால் அது பாடநூல். ஆர்.கே. நாராயண் 1935இல் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் மால்குடி என்ற கற்பனை ஊரைத் தொடங்கினார். சரயு ஆறும் மெம்பி மலையும் லாலி விரிவாக்கமும் வாசகர்களுக்குப் பழகிய முகவரிகள் ஆயின. ‘லாலி ரோடு’ சிறுகதையில், சுதந்திரம் வந்த உற்சாகத்தில் நகராட்சி தெருப் பெயர்களை மாற்றுகிறது. ஒரே பெயர் பல தெருக்களுக்கு விழுந்து கடிதங்கள் திசைமாறுகின்றன. கொடுங்கோலன் என்று சொல்லி லாலி என்பவரின் சிலையைப் பெயர்த்தெடுக்கிறார்கள். பிறகு தெரிகிறது, சிலையில் இருந்தவர் வேறொரு லாலி, ஊரையே உருவாக்கிய நல்ல மனிதர். இந்தக் குழப்பத்துக்குப் பிறகு மால்குடிக்கு ஒரு கடந்தகாலம் இருந்தது என்பதை யார் சந்தேகிப்பார்கள்? உங்கள் ஏரியூரில் முதல் முரசை அடித்தது யார் என்று இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டு பதில் வரட்டும். எது சரி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்த அத்தியாயம் வரைபடம், தூரம், பயண நாள்கள் பற்றியது. அதற்கு வருமுன் உங்கள் உலகத்தில் ஒரு சந்தை நாளைத் தேர்ந்து, பத்துப் பொருள்களின் விலையை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை விற்பவர் யார், போன மாதம் என்ன விலை, இந்த விலையால் யார் வயிறெரிகிறார் என்று ஒரே வரியில் குறியுங்கள். அந்த உலகத்து நாணயத்திலேயே எழுதுங்கள். ஒருநாள் கூலி எவ்வளவு என்பதை முதல் வரியாக வையுங்கள். பத்தில் மூன்று விலைகளுக்காவது சண்டை வரவில்லையென்றால் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தூரக் கணக்கு போட இந்தப் பட்டியல் நமக்குத் தேவைப்படும்.